ஆர்லிஸுக்குக் கொடுத்த மான்

வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பதற்குள் வேட்டை நண்பன் டெல்பர்ட்டின் வாய் திறந்துவிட்டது.

"வந்துட்டாங்கப்பா அண்ணனும் தங்கச்சியும்! மானுங்க எல்லாம் மூட்டை கட்டிட்டு அக்கரைக்குப் போயிருக்கும் இந்நேரம்."

"உன்னைப் பாத்து ஒண்ணும் ஓடலையே, டெல்பர்ட். போன வருஷம் உன் பரணுக்குக் கீழயே ஒரு பெட்டை மான் படுத்துத் தூங்கிட்டுப் போச்சாமே," என்றேன்.

என் அண்ணன் டாயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படி வாய்விட்டு அவன் சிரித்து அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

முகாம் என்று நாங்கள் சொல்வது ஆற்றுப் பள்ளத்தில், ஓக் மரங்களுக்கு நடுவே நிற்கும் பழைய மரவீடு. தகரக் கூரை, நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, சுற்றிலும் ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். வருஷம் முழுக்க எலிகளுக்குச் சொந்தம். நவம்பரில் சில நாட்கள் மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுக்கும். தெற்கு ஆர்கன்சாவில் இப்படி ஒவ்வோர் ஆற்றோரமும் பத்து முகாம் இருக்கும். எல்லாவற்றிலும் ஈரக் கம்பளியும் துப்பாக்கி எண்ணெயும் பழைய காபியும் சேர்ந்த அதே நாற்றம்தான் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். குறி தவறியவனின் சட்டையைப் பின்பக்கம் ஒரு துண்டு வெட்டி, பெயர் எழுதி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவோம். என் துண்டும் ஒன்று அங்கே உண்டு. டெல்பர்ட்டுக்கு இரண்டோ மூன்றோ. மீதிச் சுவர் முழுக்க ஆர்லிஸ்தான். கட்டம் போட்டது, கோடு போட்டது, ஒரு பூப்போட்டதுகூட உண்டு. சலவைக்காரர் வீட்டுக் கொடி மாதிரி இருக்கும்.

அந்தத் துண்டுகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

எலி ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன்.

ஆர்லிஸ் அந்த ஜூனில் இறந்துபோனார். வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தபோது வயலிலேயே மாரடைப்பு. கல்யாணம் செய்யாத மனிதர். எங்கள் பக்கத்து வீடு. எங்கள் அப்பா கிளைட் மரம் வெட்டும் வேலையில் மரம் சாய்ந்து செத்துப்போன பிறகு எங்கள் கூரையைச் சரிசெய்தவர் அவர்தான். டாயலுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். எப்போதும் தைல வாசனை அடிக்கும் ஒரு மாதிரிப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கியிருப்பார். வலிக்குத் தடவிக்கொள்வோமே, அந்த வாசனை. அவர் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

அத்தனை வருஷம் காட்டுக்கு வந்தும் அவருக்கு ஒரு மான்கூட விழவில்லை. கை நடுங்கும். மான் எதிரே வந்து நின்றால் அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஆடும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம், சாப்பாடு முடிந்ததும், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் தங்கள் முதல் மானைச் சொல்ல வேண்டும். மூத்தவர் தொடங்குவார். எல்லாருடைய கதையும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் "நல்ல மான்" என்று சொல்லி, பூட்ஸ் காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவோம். செத்தவர்களுக்கும் முறை உண்டு. அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் அவருக்காகச் சொல்லிவிடுவார். வெளியே மானின் கொம்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். அந்த அடுப்புக்கு முன்னால் சொன்னது யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவருக்குச் சொந்தம். யாரும் மறுத்துப் பேசக் கூடாது.

ஆர்லிஸின் முறை வரும்போதெல்லாம், "என் மான் இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு, சோள ரொட்டியை இப்படித் தள்ளுங்க," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் சிரித்து முடித்த பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டாயலுக்கு அந்தச் சாயங்காலம் வேறு காரணத்துக்காக முக்கியம். அவன் முதல் மானைச் சுட்ட அந்தக் குளிர்காலத்திலேயே அப்பா போய்விட்டார். அவனுக்கு அப்பா என்றால் அந்த ஒரு நாள்தான். அப்பாவின் குரல், அப்பாவின் கை, அப்பா சிரித்த சிரிப்பு எல்லாம் அதற்குள்தான் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை, நான் சின்னவள். அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் நான் கேட்டது மானின் கதையை இல்லை. அப்பாவைக் கேட்டேன்.

மான்கறிக் குழம்பு காலியானது. ரேஃபோர்டு மாமா தொண்டையைச் செருமினார். எங்களில் மூத்தவர் அவர். முகாம் அவருடைய நிலத்தில்தான் இருக்கிறது. அவர் சொன்னார், தட்டினோம். இறந்துபோனவர்களுக்குச் சொன்னோம், தட்டினோம்.

பிறகு ஆர்லிஸின் காலி நாற்காலியின் முறை.

அடுப்பில் விறகு வெடித்தது.

"அவரு மான் இன்னும் வளந்துக்கிட்டுதான் இருக்கு," என்றான் டெல்பர்ட். "இப்ப யானை சைஸ் ஆகியிருக்கும்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டெல்பர்ட்டே பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது.

டாயல் எழுந்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது.

"ஆர்லிஸோட மானை நான் சொல்றேன்."

"அவருக்கு ஏதுடா மான்?" என்றார் ரேஃபோர்டு மாமா.

"இருந்துச்சு. உங்க யாருக்கும் தெரியாது. எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

அவன் சொல்லத் தொடங்கினான். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பனி படிந்த காட்டுப்பழ மரம். அதன் கீழே குனிந்து பழம் தின்னும் இளங்கிடா மான். பையனுக்குப் பின்னால் முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, அவன் தோளில் கை வைத்து, "மூச்சைப் பாதியில நிறுத்து" என்று கிசுகிசுக்கும் அப்பா. மான் விழுந்ததும் கட்டைவிரலால் அதன் ரத்தத்தைத் தொட்டுப் பையனின் இரண்டு கன்னத்திலும் பூசும் அப்பா.

அது என் அண்ணனுடைய நாள். அதை அப்படியே தூக்கி ஒரு செத்த மனிதருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு என் அண்ணன் இவ்வளவு நல்லவனா என்று பெருமையாக இருந்தது. சொல்லி முடித்தான்.

"நல்ல மான்," என்றோம். தரையில் தட்டினோம்.

எங்கள் எல்லாருடைய தட்டும் அடங்கிய பிறகு, இன்னொரு தட்டு கேட்டது.

காலியாக இருந்த நாற்காலியின் அடியிலிருந்து.

கனமான, நிதானமான, சந்தோஷமான ஒரு தட்டு.

"பழைய பலகை," என்றார் ரேஃபோர்டு மாமா. ஆனால் அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நான் என் மானைச் சொன்னேன். பிறகு டாயலின் முறை. அவன் வாயைத் திறந்தான்.

"என் மான்…"

காத்திருந்தோம்.

"நான்… காட்டுப்பழ மரம்… இல்ல, அது ஆர்லிஸோடது." அவன் நெற்றியைத் தேய்த்தான். "இருங்க. இருங்க, வந்துரும்."

"விஸ்கியைக் குறைடா," என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். நான் அவன் கண்களைப் பார்த்தேன். வீட்டுக்குள் எதையோ வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று தேடுகிறவனின் கண்கள். அவன் விளையாடவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே அவரவர் பரணுக்குப் போனோம். சூரியன் மரத்துக்கு மேலே வருவதற்குள் டாயல் முகாமுக்குத் திரும்பிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. நான் வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"என்னண்ணே?"

"பரண்ல பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க, நேடின்."

"யாரு?"

"தெரியல. மூச்சு விடுறது கேக்குது. பேசிக்கிட்டே இருக்காங்க. சின்னக் குரல்ல, தனக்குத்தானே. ஏதோ கதை." அவன் என் கையைப் பிடித்தான். "நம்ம அப்பா என்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரா?"

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் அவனுடன் நானும் அந்தப் பரணுக்குப் போனேன். பேயாவது பிசாசாவது, என் அண்ணனைப் பயமுறுத்துவது எதுவானாலும் என் முன்னால் வரட்டும் என்ற கோபம்தான். மூடுபனி காலையிலிருந்து கலையவே இல்லை. மரங்கள் பாதி வரைதான் தெரிந்தன. பரணில் இருவர் உட்காரவே இடம் இடிக்கும். நெருக்கி உட்கார்ந்தோம்.

அணில்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் நின்றுவிட்டன.

தைல வாசனை வந்தது.

பரணின் பலகை கொஞ்சம் சாய்ந்தது. மூன்றாவதாக ஓர் ஆள் உட்கார்ந்தால் சாயுமே, அந்த அளவு.

டாயல் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். அவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து, குரல் வந்தது. ஆர்லிஸின் குரல்தான். ஆனால் நான் கேட்டே இராத ஆசையோடு, ஒரு சின்னப் பையனின் அவசரத்தோடு.

"…திரும்பி வரப்போ ஓடையில தண்ணி. என் பூட்ஸ் ஓட்டை. அப்பா முதல்ல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் அக்கரையில விட்டாரு. அப்புறம் போய் மானைத் தூக்கிட்டு வந்தாரு. 'இன்னிக்கு ரெண்டு கிடாவைச் சுமந்துட்டேன்டா'ன்னு சொல்லிச் சிரிச்சாரு…"

ஓடையைப் பற்றி டாயல் நேற்று சொல்லவே இல்லை. முகாமில் எந்த வருஷமும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும், ஒரே ஒரு தடவை, அம்மா இறந்த அன்று சொன்னான்.

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அது பயத்தினால் இல்லை. யாரோ சொல்லும் நல்ல கதையைக் கேட்பவனைப் போல வாயைப் பாதி திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரோட அப்பா அது?" என்று என் காதில் கேட்டான். "நல்ல மனுஷனா இருக்காரே, நேடின்."

அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

"ஆர்லிஸ்!" என்று கத்தினேன். "திருப்பிக் குடுங்க! அவனுக்கு வேற ஒண்ணும் இல்ல, உங்களுக்குத் தெரியும்ல? நீங்கதான அவனை வளத்தீங்க!"

குரல் நின்றது.

பிறகு, மிக மெதுவாக, மனசு வராமல் சொல்வது போல ஒரு பதில்.

"எனக்கும் வேற ஒண்ணும் இல்லியே, பாப்பா."

பலகை நிமிர்ந்தது. வாசனை போய்விட்டது. அணில்கள் மறுபடி கத்தத் தொடங்கின.

முகாமுக்கு வந்து நடந்ததை எல்லாம் ரேஃபோர்டு மாமாவிடம் கொட்டினேன். அவர் மறுக்கவும் இல்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. அடுப்பில் இன்னொரு விறகை வைத்தார்.

"குடுத்தவன் அவன். வாங்கினவரு அவரு. நாம எல்லாம் தட்டி ஒத்துக்கிட்டோம்," என்றார். "என் வயசுக்கு இந்த அடுப்பு முன்னாடி ஒருத்தன் மானை இன்னொருத்தனுக்குக் குடுத்து நான் பாத்ததில்ல. எவனுக்கும் அந்தப் புத்தி வந்ததில்ல. உங்க அண்ணன் மனசு பெருசு, அதான் வந்த வினை."

"திருப்பி வாங்க முடியாதா?"

"அவன் சொல்லணும். அவனுக்கு ஞாபகம் இல்லியே."

"எனக்கு இருக்கு," என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"நான் காட்டுக்குப் போகல. ஆனா அன்னிக்கு அவங்க வீட்டுக்கு வந்ததைப் பாத்தேன். அது என்னோடது. அதை நான் டாயலுக்காகச் சொல்றேன். அது போதாதா?"

"சொல்லிப் பாரு, புள்ள."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். டெல்பர்ட்கூட வாயைத் திறக்கவில்லை. டாயலை எனக்கு எதிரே உட்காரவைத்தேன். ஆர்லிஸின் நாற்காலியை டெல்பர்ட் வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்திருந்தான். அது நல்லதா கெட்டதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"டாயலோட முதல் மானைச் சொல்றேன்," என்று தொடங்கினேன். "நான் வீட்டுப் படியில உக்காந்திருந்தேன். பொழுது சாயற நேரம். அம்மா கோழிங்களை அடைச்சுக்கிட்டு இருந்தாங்க. வண்டி சத்தம் கேட்டுச்சு."

சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாகப் புகை மாதிரி இருந்த சாயங்காலம் கண் முன்னால் திறந்தது. பழுத்த இலைகளின் வாசனை. கோழிகளின் கொக்கரிப்பு. வண்டியின் முகப்பில் கயிறு போட்டுக் கட்டிய மான். அப்பா இறங்கினார். தாடியில் மரத்தூள். முதல் முறையாக அவர் முகம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

"அப்பா என்னைப் பாத்து, 'யார் வந்திருக்கான்னு பாரு, இன்னிக்கு ஒரு வேட்டைக்காரன் வந்திருக்கான்'னு சொன்னாரு. சுத்தி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தாரு. உள்ளேருந்து…"

நிறுத்திவிட்டேன்.

"உள்ளேருந்து?" என்றான் டாயல். குழந்தை மாதிரி முன்னால் சாய்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து ஒரு பையன் இறங்கினான்.

கன்னத்தில் காய்ந்த ரத்தம். பெரிய, விறைத்த காதுகள். வைக்கோல் நிறத் தலைமுடி.

என் அண்ணனுக்கு அப்போதும் இப்போதும் கறுப்பு முடி.

ஆர்லிஸைப் பையனாக நான் பார்த்ததில்லை, பார்த்திருக்கவும் முடியாது. நான் பிறக்கும்போதே அவர் நடுவயசுக்காரர். ஆனால் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கைகள் நடுங்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த நினைவுக்குள்ளேயே, ஓடிப்போய்ப் பார்த்தேன். இருக்கை காலி.

"சொல்லு புள்ள, யார் இறங்கினது?" என்றார் ரேஃபோர்டு மாமா.

"டாயல்," என்றேன். "டாயல் இறங்கினான். வேற யாரு இறங்குவா?"

அந்த அடுப்புக்கு முன்னால் என் வாயால் பொய் சொன்னேன். சொன்னதும் எதிரே இருந்தவனே இல்லை என்று தலையை ஆட்டினான்.

"விடு, நேடின்," என்றான் என் அண்ணன். அவன் குரல் மிகவும் அன்பாக இருந்தது. "எனக்காகச் சொல்றே. நான் எங்கயும் இறங்கல."

யாரும் தரையைத் தட்டவில்லை. வெளியே, கவிழ்த்துப் போட்டிருந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

இருட்டு முழுசாக இறங்குவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு அந்த முகாமில் யாரும் விளக்கேற்றியதில்லை.

டாயல் நன்றாகத்தான் இருக்கிறான். மர ஆலைக்குப் போகிறான், பிள்ளைகளோடு விளையாடுகிறான். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பேப்பரில் படித்த ஆளைப் பற்றிக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறான். அவனுக்கு வலிக்கவில்லை. எனக்குத்தான் வலிக்கிறது. ஆர்லிஸை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, அவர் கல்லறையைத் தோண்டி உலுக்க வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

அப்பாவைப் பற்றி எதையும் நினைக்காமல் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். நினைத்தால் கதவு திறக்கும், திறந்தால் யார் வருவார் என்று தெரியாது. ஆனால் போன வாரம் மழை பெய்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னை அறியாமல் அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் போய்விட்டேன். அன்றும் இதே மழை. குழிக்குப் பக்கத்தில் அம்மா கறுப்புக் குடையோடு நிற்கிறாள். நான் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். என் கையை ஒரு சின்னக் கை பிடித்திருக்கிறது. அண்ணனின் கை. அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் வாழ்ந்தேன்.

பக்கத்தில் யார் என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மழையில் ஈர மண்ணின் வாசனை அடிக்கவில்லை. தைல வாசனை அடித்தது.

"அழாதே, பாப்பா," என்று அந்தக் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. "அவரு நம்ம ரெண்டு பேருக்கும் அப்பாதான."